மூன்று கால் புல்லரும் ஒரு கிண்ணம் குங்குமமும்

அக்டோபர் 3, வியாழன்

வாங்கிவிட்டேன். இரண்டையும். ஈரோட்டிலிருந்து திருச்செங்கோடு வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் பலகாரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது, எனக்கு இதுதான் பலகாரம்.

ஒன்று மூன்று கால் புல்லர். தண்டில் இறுகிப்போன பேரிங்கைப் பின்புறமாக மூன்று காலாலும் கவ்விக்கொள்ளும். நடுவிலுள்ள திருகைத் திருகத் திருக, பேரிங் சேதாரமில்லாமல் வெளியே வரும். இன்னொன்று ஸ்லைட் ஹேமர். நீளக் கம்பி, அதில் முன்னும் பின்னும் ஓடும் கனமான குண்டு, கைப்பிடிப் பக்கம் ஒரு தடுப்பு. கம்பியின் முனையைப் பொருளில் மாட்டிவிட்டுக் குண்டை நம் பக்கம் வீச்சாக இழுத்தால் அது தடுப்பில் போய் மோதும். அந்த மோதல் முழுவதும் இழுப்பாக மாறும். அடிக்கிற சுத்தியல் எல்லா ஷெட்டிலும் இருக்கிறது. இழுக்கிற சுத்தியல் இந்த வேலூர் ரோட்டில் என் ஷெட்டில்தான் இருக்கிறது.

கடைக்காரர் முதலில் பளபளவென்று ஒரு புல்லரை எடுத்துக் காட்டினார். அது வார்ப்பு. பாரம் ஏறினால் வளைந்து எச்சரிக்கை தராது, பட்டென்று உடைந்து முகத்துக்கு வரும். அடித்துச் செய்த இரும்புதான் வேண்டும் என்றேன். எடுத்து வந்ததை விரித்து, மூன்று நகமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்தேன். திருகின் மரையை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். நான் கழற்றப்போகிற பேரிங்கைவிட அகலமாக விரிகிறதா என்று, பையில் கொண்டுபோயிருந்த பழைய பேரிங்கை வைத்து அளந்தேன். நகைக் கடையில்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள் என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். நகை உடைந்தால் கண் போகாது ஐயா.

அக்டோபர் 4, வெள்ளி

மயில்சாமிக்குக் காட்டினேன். இந்த ஷெட்டில் பாதி என்னுடையது, பாதி அவருடையது. நான் இன்ஜின், ஆக்ஸில், பிரேக். அவர் டிங்கர்; நசுங்கிய தகரத்தையெல்லாம் நிமிர்த்துவார். ஆறு மாதமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். இன்னும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். வேண்டுமென்றே.

ஸ்லைட் ஹேமரைக் கையில் வாங்கி, குண்டை இரண்டு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மேடம், ஒலக்கையப் படுக்க வெச்சு இடிக்கறதுக்கா ஈரோடு வரைக்கும் போனீங்க?" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. அவருடைய சித்தாந்தம் தெரிந்ததுதான். கேஸில் சூடு காட்டு, பெரிய சுத்தியலால் ஒரு போடு போடு, வராத பேரிங்கும் வரும். வரும்தான். கூடவே ஆக்ஸிலின் ஆயுளும் போகும்.

இன்னொன்றும் சொன்னார். ஆயுதபூஜைக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, புதுச் சாமானைப் பூஜைக்கு முன்னால் தொழிலில் இறக்கக் கூடாதாம். பொட்டு வைத்த பிறகுதான் கைவைக்க வேண்டுமாம். ஒரு வாரம் இதைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?

அக்டோபர் 7, திங்கள்

மழை. கரண்ட் இல்லை. மயில்சாமி வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்றும் வரவில்லை. ஒரு போன் பண்ணினால் குறைந்தா போய்விடுவார். மத்தியானம் நானே பண்ணினேன், வெல்டிங் கேபிள் எங்கே என்று கேட்பதற்காக. கேபிள் எதிரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சலாம்.

சாயங்காலம் அம்மா ஒரு போட்டோவைக் காட்டினாள். பேங்க் உத்தியோகமாம். கை ரொம்பச் சுத்தமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 10, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது. பள்ளிக்கூட வேன் வந்தே வந்துவிட்டது.

அந்தப் பள்ளியின் வேன்களுக்கெல்லாம் பொறுப்பாளர் திருமூர்த்தி. நான் மூன்று மாதமாகப் போய்ப் போய் நின்றதில் இன்று தானே ஒரு வேனை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். பின் சக்கரத்தில் அரைக்கிற சத்தம், பின் மூலையில் பெரிய நசுங்கல். பூஜை விடுமுறை முடிந்து திங்கள்கிழமை காலையில் பிள்ளைகளை ஏற்ற வண்டி வேண்டும். சரியாக முடித்தால் மற்ற எல்லா வேனும் இனி இங்கேதான். முடிக்காவிட்டால் பழைய ஷெட்டுக்கே போய்க்கொள்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வேன்கள் வராவிட்டால் தீபாவளிக்குள் ஷெட்டை மூட வேண்டியதுதான். நான் பழையபடி சர்வீஸ் சென்டர் கவுண்டரில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுவேன். மயில்சாமி திருப்பூரில் மச்சான் ஷெட்டுக்குப் போய்விடுவார். போகட்டும், எனக்கென்ன. ஆனால் எனக்கு இந்த வேன் வேண்டும். வேண்டும், வேண்டும்.

காய்ச்சல் தேறி அவரும் வந்துவிட்டார். இரண்டு பேரும் வேனுக்கு அடியில் படுத்துச் சக்கரத்தைச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டோம். ஆக்ஸில் பேரிங்தான், சந்தேகமே இல்லை. ஆக்ஸிலை வெளியே இழுக்க ஸ்லைட் ஹேமர், அதிலிருந்து பேரிங்கைக் கழற்றப் புல்லர். நான் வாங்கிய இரண்டுக்குமே வேலை. இதை அவரிடம் சொன்னபோது என் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் போயிருக்கும். நாளைக்குப் பூஜை முடியட்டும்ங்க என்றார்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுதபூஜை

ஷெட்டைக் கழுவிவிட்டோம். புல்லரின் பேக்கிங் எண்ணெயைப் பெட்ரோல் துணியால் ஒரு பொட்டு விடாமல் துடைத்து வைத்தேன், வெள்ளிப் பாத்திரம் மாதிரி இருந்தது. பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் ஆயிற்று. குங்குமம் குழைத்தது நான். தண்ணீர் அதிகமாகிவிட்டது, பாயசம் மாதிரி ஓடியது. சமையலும் இப்படித்தானா என்று கேட்டார். அதைத் தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது என்றேன்.

பொட்டு வைத்தது அவர். சுத்தியல், ஜாக்கி, வெல்டிங் மிஷின் எதையும் விடவில்லை. என் புல்லருக்குத் தனி கவனிப்பு. ஒவ்வொரு காலிலும் வளைவில் ஒன்று, நகத்தில் ஒன்று, கெட்டிச் சந்தனம், அதன்மேல் குங்குமம். குங்குமம் நீர்த்துப்போய்க் காலெல்லாம் வழிந்தது. உங்களை மாதிரியே நிற்க மாட்டேங்குது என்றார். என்ன அர்த்தமோ.

வெள்ளைச் சட்டையில் பார்த்தால் ஆளே வேறு மாதிரி இருக்கிறார். இதைச் சும்மாதான் எழுதுகிறேன்.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

எங்கிருந்து ஆரம்பிப்பது. காலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஸ்லைட் ஹேமரின் தட்டை ஆக்ஸில் முகப்பில் வைத்து எல்லா நட்டையும் பூட்டினேன். ஒன்றிரண்டு போதும் என்பார்கள். போதாது, ஒரே பக்கம் இழுத்தால் மரை உரிந்து கம்பியே நம்மேல் பாயும். கண்ணாடி போட்டு, காலை அகட்டி நின்று இழுத்தேன். டங். அசையவில்லை. டங். நிறுத்தி, பூட்டியதையெல்லாம் மறுபடி இறுக்கினேன், அடி விழ விழ நட்டுகள் தளரும். மறுபடி டங், டங், அப்புறம் சத்தம் மாறி "டொப்" என்று ஒன்று. ஆக்ஸில் என் பக்கமாக வழுக்கிக்கொண்டு வந்தது. சூடு இல்லை, சுத்தியல் இல்லை, ஒரு கீறல் இல்லை. நான் ஷெட்டுக்குள் ஒரு சுற்று ஆடினேன். மயில்சாமி பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

பிறகு, கிண்டல் செய்த அந்த உலக்கையை அவரே வந்து கேட்டு வாங்கிக்கொண்டார். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, நசுங்கலின் மேல் வரிசையாகச் சின்ன வாஷர்களைப் பற்றவைத்து, ஒவ்வொன்றிலும் கொக்கியை மாட்டி இழுத்தார். ஒரே இழுப்பில் எடுக்க ஆசைப்பட்டால் தகரம் கிழியும். சின்னச் சின்னதாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். அது அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொன்னது ஒன்றே ஒன்று, தடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள் என்று. கொண்டுபோனார். கட்டைவிரல் இடுக்கில் தோல் மாட்டி ரத்தம் கட்டிவிட்டது. மருந்து நான் போடவில்லை, டப்பாவைக் கொடுத்தேன். ஒரு கையால் போடத் தெரியவில்லை, அதனால் நானே போட்டுவிட்டேன்.

மத்தியானம் புல்லர். ஆக்ஸிலை வைஸ் இடுக்கியில் இறுக்கி, மூன்று காலையும் பேரிங்குக்குப் பின்னால் மாட்டினேன். நகத்தில் சந்தனம் காய்ந்து பத்தாக ஒட்டியிருந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன். அவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். பூஜைப் பொட்டு தானாக உதிர வேண்டும், நாமாக அழித்தால் ஆகாது, அதுவும் விஜயதசமி அன்றைக்கு என்றார். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. சரி என்று விட்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

விட்டாலும் என் வழக்கத்தை விடவில்லை. புல்லரைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டினேன். நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று திருகினேன். இறுக்கம் ஏறியது, இன்னும் ஏறியது, பேரிங் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து அவன் குனிந்து முகத்தை நேராகக் கொண்டுவந்து, நகம் சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று சாக்கை விலக்கிப் பார்க்கப் போனான்.

"டேய் மயிலு, தள்ளுடா" என்று கத்தினேன்.

விலகிவிட்டான். விலகியதும் படாரென்று ஒரு சத்தம். நகம் காய்ந்த சந்தனத்தில் வழுக்கிக் கால் வெளியே தெறித்துச் சாக்குக்குள் அடித்தது. சாக்கு கிழிந்தது, அவ்வளவுதான். அவன் முகம் இருந்த இடம் அது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவனும் உட்கார்ந்தான்.

பிறகு கோபம் வந்தது. எழுந்து பனியன் துணியை டீசலில் நனைத்து, சந்தனம், குங்குமம், சாமி, பூதம் எல்லாவற்றையும் சேர்த்துத் துடைத்தேன். அவன் தடுக்கவில்லை. முதல் கால் சுத்தமாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாவது காலின் வளைவில் மட்டும் ஒரு சிவப்பு மயிர் ஒட்டியிருந்தது. துடைத்தேன், போகவில்லை. அழுத்தித் துடைத்தேன், போகவில்லை. என் விரல் நகத்தால் சுரண்டினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை.

அது மயிர் இல்லை. விரிசல். கண்ணுக்கே தெரியாத விரிசலுக்குள் அந்த நீர்த்த குங்குமம் இறங்கியிருக்கிறது. மேலே துடைத்தால் உள்ளே இருக்கிற சிவப்பு எப்படிப் போகும். ஸ்பேனரால் தட்டிப் பார்த்தோம். மற்ற இரண்டு காலும் மணி மாதிரி பேசின. இது டொக்கென்றது. கடையில் அத்தனை பார்த்தேனே, இதைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது.

சந்தனம் வழுக்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் இறுக்கியிருப்பேன். அப்போது வழுக்கியிருக்காது. உடைந்திருக்கும்.

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். வேனுக்காக என்று அவனிடம் சொன்னேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

கடையெல்லாம் பூட்டு. ஈரோட்டுக் கடைக்காரர் போனை எடுத்து, செவ்வாய்க்கிழமை வேறு மாற்றித் தருகிறேன் என்றார், மரியாதையாகத்தான். வேன் திங்கள்கிழமை போக வேண்டும். மயில்சாமி பெரிய சுத்தியலை ஒரு தரம் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுத்தியலைக் கொண்டுபோய்ப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டார்.

(மேலே 'பார்த்தார்' என்று எழுதியிருக்கிறேன். நேற்று வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். அவசரத்தில் வந்தது.)

பக்கத்துப் போர்வெல் ரிக் லாரி ஷெட் நாச்சிமுத்து அண்ணனிடம் பெரிய புல்லர் ஒன்று உண்டு. போய்க் கேட்டேன். தருகிறேன் என்று எடுத்து வந்தார். எத்தனை வருஷத்துப் பூஜையோ, சந்தனம் அடுக்கடுக்காக ஏறி, அடியில் இருப்பது இரும்பா மரமா என்றே தெரியவில்லை. கழுவிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன் அண்ணா என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

"பொட்ட அழிச்சுப்போட்டுத்தான் வேல நடக்கும்னா, அந்த வேல நடக்கவே வேண்டாம் அம்மிணி" என்றார்.

திரும்பி நடந்தேன். வாசல் வரை போனதும் மண்டைக்குள் பல்பு எரிந்தது. அப்படியே திரும்பி வந்தேன். அண்ணா, அழிக்கவில்லை, அபிஷேகம் பண்ணிப் புதுப் பொட்டு வைத்துத் தருகிறேன், சம்மதமா என்றேன். அவர் முகம் பூரித்துப்போனது. சூடத்தையே எடுத்து வந்துவிட்டார்.

எங்கள் ஷெட்டில் அபிஷேகம். முதலில் வெந்நீர், சந்தன அடுக்கெல்லாம் கரைந்து ஓடியது. பிறகு பெட்ரோல் துணி. பிறகு அந்தப் பாயசக் குங்குமத்தையே வேண்டுமென்று குழைத்து மூன்று காலிலும், திருகிலும், கால்கள் சேரும் மேல்கட்டையிலும் பூசினோம். ஊறட்டும் என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். நாச்சிமுத்து அண்ணன் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நான் பாவம் செய்கிறேனா புண்ணியம் செய்கிறேனா என்று தெரியவில்லை, ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மயில்சாமி டீ கிளாஸுக்குள் சிரித்தார்.

வந்து துடைத்தோம். அவர் ஒரு காலைப் பிடித்துக்கொள்ள, நான் டார்ச் அடித்துத் தேடினேன். கோடு இல்லை. இன்னொன்றில் இல்லை. மூன்றாவதில் இல்லை. திருகில் இல்லை. தட்டினால் எல்லாமே மணி மாதிரி பேசின. நெற்றிக்கு வைப்பது போல மேல்கட்டையில், எதுவும் கவ்வாத இடமாகப் பார்த்து, ஒரே ஒரு பொட்டை வைத்தார். நகத்தில் வைக்கவில்லை.

மாட்டினோம். சாக்கு கட்டினோம். இந்தத் தரம் நான் சொல்லாமலே பக்கவாட்டில் என் தோளோடு தோள் நின்றார். திருகின் முனையில் ஒரு சொட்டு கிரீஸ் வைத்து இறுக்கினேன். கால் திருப்பம், நிறுத்து, பார். கால் திருப்பம், நிறுத்து, பார். மூன்று நகமும் அசையாமல் கவ்வியிருந்தன. இறுக்கி நிறுத்தி, அவசரப்படாமல் காத்திருந்தோம். ஒரு சின்ன "டிக்". அப்புறம் திருகு லேசாகிப்போனது. பேரிங் சும்மா வருவது மாதிரி வந்தது. நான் கத்தினேன், அவர் கத்தினார், அடுத்த ஷெட்டிலிருந்து நாச்சிமுத்து அண்ணன் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். பேரிங்கைக் கையில் கொடுத்தேன். சாமி விட்டுக்குடுத்துருச்சு என்றார். நான் மறுக்கவில்லை.

வியாழக்கிழமையே வாங்கி வைத்திருந்த புதுப் பேரிங் ஏறிவிட்டது. சக்கரம் சுற்றுகிறது. சத்தமே இல்லை.

அக்டோபர் 14, திங்கள்

திருமூர்த்தி விடிந்ததும் வந்தார். ஓட்டிப் பார்த்தார், சக்கரத்தருகே குனிந்து கேட்டார். நசுங்கல் எந்தப் பக்கம் இருந்தது என்று தேடிவிட்டு என்னையே கேட்டார். மயில்சாமிக்கு அதைவிடப் பெரிய பட்டம் வேண்டாம். சாயங்காலம் அடுத்த வேன் வருகிறது, அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாம். நான் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, அவர் வண்டி திரும்பும் வரை பொறுத்திருந்து, பிறகுதான் குதித்தேன்.

அடுத்து மயில்சாமி சொன்னது: "முந்தாநேத்து என்னைய 'டா'ன்னு கூப்ட்டீங்க."

ஆபத்துக்குப் பாவமில்லை என்றேன்.

"பாவம்னு நான் சொல்லலீங்களே" என்றுவிட்டுப் போய் வேலையைப் பார்த்தார்.

திருப்பூர் மச்சானுக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிட்டதையும் போகிறபோக்கில் சொன்னார். சரி என்றேன். வேறென்ன சொல்வது. சரி என்று மூன்று தரம் சொன்னதாக ஞாபகம்.

அக்டோபர் 15, செவ்வாய்

ஈரோட்டிலிருந்து புதுப் புல்லர் வந்தது. ஷெட் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதிவைத்தேன்: பொட்டு வை. துடை. பார். பிறகு பூட்டு.

கிண்ணம் நிறையக் குங்குமம் குழைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். மயில் புதுப் புல்லரை எடுத்து உட்கார்ந்தான். பூசினான், ஊறவிட்டான், துடைத்தான், டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு ஸ்லைட் ஹேமரின் கம்பி, கொக்கிகள், ஜாக்கி, என் ஸ்பேனர்கள் வரை ஒன்று விடாமல் அதே வேலை. எனக்கு அவன் கால்தான் தெரிந்தது. அந்தக் கால் அங்கேயும் இங்கேயுமாக நடந்துவிட்டுக் கடைசியில் வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வெளியே வந்தேன். கையில் அந்தக் கிண்ணம்.

"எல்லாத்துக்கும் வெச்சுத் தொடச்சுப் பாத்துட்டன். ஒண்ணுலயும் கோடு இல்ல" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குது, வாணி. இது தொடைக்கறதுக்கு இல்ல."

மேடம் இல்லை. ஆறு மாதத்தில் முதல் தடவை. என் முகமெல்லாம் கிரீஸ். துணியை எடுத்து நெற்றியை மட்டும் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, எந்தக் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாய் என்று கேட்டாள். ஷெட்டுக்குத்தான் போனேன் என்றேன். பேங்க் மாப்பிள்ளை போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னேன். அவள் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, போய் முகம் கழுவிவிட்டுச் சாப்பிட வா என்றாள்.

சாப்பிட்டுவிட்டேன். முகம் இன்னும் கழுவவில்லை.